நான்காம் வரி

கிளமெண்டி கோப்பிக்கடையில்
கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்க
விடைத்தாள் திருத்துகிறேன்.

நான்காம் வரியில்
இரண்டால் வகுத்துவிட்டாள் துர்காஷினி.
திசையன் வெளி என்று நினைப்பு.
இது வளையத்தின் மேல் நிற்கும் மாட்யூல், பெண்ணே,
பெருக்கிய எல்லாவற்றுக்கும் இங்கே
திரும்பும் வழி கிடையாது.

ஆறின் மட்டில் பார்:
மூன்று சுழியமில்லை.
இரண்டும் சுழியமில்லை.
பெருக்கு.

சிவப்புப் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

ஹவ்காங் வீவக வீட்டில்
நாமும் வெறுமையாய் இருந்ததில்லை, ஆரூரன்,
நீயும் சரி, நானும் சரி,
சாவியை நீ
அரிசிக் குக்கர்மேல் வைத்துப் போன
அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

ஓரத்தில் எழுதினேன்:
"வகுக்குமுன் கேள், நேர்மாறு உண்டா?"
முயற்சிக்கு அரை மதிப்பெண்.

மேசை துடைக்கும் அக்கா
கோப்பையை எடுத்துப் போய்விட்டார்.
பாதி இருந்தது.