இரண்டு வினாடி

பாம்பனில் ஐஸ் பிளான்ட்டுக்கு மேல்மாடி.
கீழே பார் உடைக்கும்போது
என் மேசை லேசாக அதிரும்.
அதிகாலை மூன்றரைக்கு நிரல் எழுந்து
ஆறு கருவிகளிடம் ஒரே மூச்சில் கேட்கும்:
அங்கே அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம்?
ஒருவர் சொல்லி முடிக்கட்டும், பிறகு அடுத்தவர்
என்கிற மரியாதையெல்லாம் அதற்குக் கிடையாது.

தொண்டி சட்டென்று சொல்லும்.
தேவிபட்டினம், ஏர்வாடி, கீழக்கரை, சொல்லிவிடும்.
வேதாளை கொஞ்சம் இழுக்கும்.
மூக்கையூர்தான்.

முதல் வாரம் மூக்கையூருக்காக எல்லாரும் நின்றோம்.
ஜெட்டியில் பலகை சுற்றிக்கொண்டே இருந்தது.
பிலவேந்திரன் போன் போட்டார்:
"பெட்டியில ஐஸ் தண்ணியாகுது தம்பி,
ஒங்க வட்டம் எப்ப நிக்கும்?"

பத்து வினாடி கெடு வைத்திருந்தேன்.
வைத்ததாக நினைத்திருந்தேன்.
ஒன்பதாவது வினாடியில் மூக்கையூர்
ஓர் எழுத்து அனுப்பும். ஒரே ஓர் எழுத்து.
கடிகாரம் அதை நம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும்.
மறுபடி ஒன்பது, மறுபடி ஓர் எழுத்து,
வட்டியில் ஒரு ரூபாய் கொடுத்தே
வாசலில் நிற்பவனைத் திருப்பியனுப்பும் கடன்காரன் மாதிரி.
மௌனத்துக்குத்தான் கெடு வைத்திருக்கிறேன்,
பேச்சுக்கு வைக்கவில்லை.

இரண்டே வினாடி என்று மாற்றினேன்,
முதல் எழுத்துக்கல்ல, முற்றுப்புள்ளிக்கு.

அதிலும் பிழை.
காத்திருப்பதை விட்டேனே தவிர
கயிற்றை அவிழ்க்கவில்லை.
கைவிட்ட இணைப்புகள் எல்லாம்
கட்டிப்போட்ட வள்ளங்களாய்த் துறையை அடைத்து
புதன்கிழமை தொண்டிக்கே உள்ளே வர இடமில்லை.

இப்போது அவிழ்த்தும் விடுகிறேன்.
மூக்கையூருக்கு நேரே பலகை சொல்கிறது:
தெரியவில்லை.
நேற்றைய எண்ணைப் போட்டால் பார்க்க நன்றாயிருக்கும்.
போடவில்லை.

பிலவேந்திரன் அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு
தென்கடல் வேண்டாமென்று
வடகடலுக்கு டோக்கன் வாங்கினார்.
திட்டிக்கொண்டேதான்.

அவர் போன பிறகு
மூக்கையூரை மட்டும் தனியாக, கெடு இல்லாமல்,
கேட்டுப் பார்த்தேன்.
நாற்பத்தொரு வினாடி. டீயில் ஆடை படிந்தது.
அலை: சைபர் புள்ளி மூன்று.
காற்று: இல்லை.

தென்கடல் குளம்போலக் கிடந்திருக்கிறது.

இரண்டை மூன்றாக்கலாமா என்று
விரல் கொஞ்ச நேரம் எண்ணின் மேலேயே இருந்தது.
கீழே அடுத்த பாரை உடைத்தார்கள்.
மேசை அதிர்ந்தது.
இரண்டாகவே விட்டேன்.