தீனித்தொட்டி

திங்கள். விடியவில்லை.
யார்க்‌ஷர் மேட்டில் விழுந்த உறைபனி
தள்ளுவண்டியின் கைப்பிடியில் ஏறி
கையுறையைப் பிடித்து இழுக்கிறது.
முப்பத்தொரு அரைக்கதவுகள்.
குதிரையைப் பார்க்குமுன் தொட்டியைப் பார்க்க வேண்டும்:
நக்கித் துடைத்திருந்தால் ஒரு கோடு,
மிச்சமிருந்தால் ஒரு சுழி.
என் நோட்டுக்கு வேறு எழுத்து தெரியாது.

அலுவலகச் சுவரில் வெள்ளைப் பலகை.
ஹில்டா தாக்ரே, எங்கள் டிரெய்னர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பச்சை மையில் வாரத்தை எழுதுகிறாள்.
செவ்வாய், கேட்டரிக்: பார்லி சூப்.
வியாழன், செட்ஜ்ஃபீல்ட்: மிஸ்டர் ஆட்வே.
சனி, வெதர்பி: லேட் ஃபெர்ரி.
அவள் கையெழுத்து போகப் போக மேலேறும்;
சனிக்கிழமை எப்போதும்
பலகையின் சட்டத்தில் போய் முட்டும்.

பார்லி சூப்புக்கு நான்கு சொந்தக்காரர்கள்:
ஒரு கசாப்புக் கடைக்காரர்,
முடிதிருத்தகம் நடத்தும் அக்கா தங்கை,
ஓய்வுபெற்ற தபால்காரர்.
ஆளுக்கொரு கால். வாலுக்கு மட்டும்
இன்னும் யாரும் பணம் கட்டவில்லை.
பதினோரு குதிரைகளில் பதினொன்றாவதாக வந்தான்.
"தடையைக் கண்டால் தாண்டுவதில்லை,
யோசிக்கிறான்" என்றான் ஜாக்கி,
சேணத்தை உருவிக்கொண்டே.
நால்வரும் கைதட்டினார்கள்,
சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.
அன்றிரவு அவன் தொட்டியின் அடியில்
என் டார்ச் வெளிச்சம் திரும்பி என்னையே பார்த்தது.
கோடு. அழுத்தமாக.

புதன் லாடக்காரரின் நாள்.
நெட் ஆப்பிள்யார்டின் வேனுக்குப் பின்னால்
சுட்ட குளம்பின் புகை.
காய்கிறோம் என்று சொல்லிக் காயாத போர்வைகள்.
கிர்கிஸ் மலையிலிருந்து வந்த அய்பெக்
தன் காலை மிதித்த குதிரையை
மூன்று மொழிகளில் திட்டினான்.
மூன்றும் முடியும்வரை
அது காலை எடுக்கவில்லை.

வியாழன் நான்கரைக்கு எழுந்து
மிஸ்டர் ஆட்வேயின் பிடரியைப்
பதினைந்து பின்னலாகப் போட்டேன்.
லாரி பாதி வழி போயிருக்கும்;
தரை இறுகிவிட்டது, பந்தயம் இல்லை என்று போன்.
திரும்பி வந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.
ஓடாத ஓட்டம் அவன் கழுத்தில்
இரண்டு நாள் அலையலையாகக் கிடந்தது.

வெள்ளி? ஞாபகமில்லை.
மழை, சம்பளம் என்கிறது நோட்டு.

எங்கள் லாயத்தில் வெற்றி என்பது,
சொன்னால் சிரிப்பீர்கள், குதிரைக்கொம்பு.
சனிக்கிழமை, இளகிய சேற்றில்,
கடைசித் தடைக்கு முன்னால் லேட் ஃபெர்ரி
யாரோ கூப்பிட்டதுபோல் காதை நீட்டினாள்.
இரண்டு குதிரை நீளம்.
பதினான்குக்கு ஒன்று.
ஹில்டா தன் தொப்பியை யாரிடமோ கொடுத்துவிட்டு
இன்றுவரை தேடுகிறாள்.
அய்பெக்குக்குத் தொண்டை போய்விட்டது.
கடிவாளத்தைப் பிடித்தபடி
வெறும் வாயை அசைத்துக்கொண்டே நடந்து வந்தான்,
அவள் மூக்கிலிருந்து ஆவி பறக்க.

ஞாயிறு. பாதிப் பேருக்கு விடுமுறை.
அவள் தொட்டியில் ஓட்ஸ், காரட் துண்டுகள்,
நான் வைத்தது வைத்தபடி.
குனிந்து இடது முன்னங்காலில் கையை ஓட்டினேன்.
முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாரில்,
இப்போதுதான் ஊற்றிய தேநீர்க் கோப்பையின் சூடு.
அலுவலகத்தில் போன் விடாமல் அடித்தது,
எல்லாம் வாழ்த்துகள்.
ஹில்டா வீட்டுச் செருப்போடு வந்தாள்.
வைக்கோலில் மண்டியிட்டு
என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள்.
"இந்த வருஷம் இவளுக்கு முடிந்தது" என்றாள்.
எழுந்திருக்க என் தோள் வேண்டியிருந்தது.

குளிர்ந்த தண்ணீர், இருபது நிமிடம்,
ஒரு நாளில் நாலு தடவை.
குழாயைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டாவது நிமிடத்தில்
லேட் ஃபெர்ரி என் கோட்டுப் பையை முகர்ந்து
மடிப்பில் சிக்கிக்கிடந்த ஓட்ஸை
உதட்டால் பொறுக்கி எடுத்தாள்.
நாலைந்து மணிகள் இருக்கும்.
இதற்கு என்ன போடுவது,
கோடா, சுழியா?
நோட்டு தொலைவில், ஆணியில் தொங்கியது.
இரண்டு கையும் ஈரம்.