மூன்றாம் காட்சி

அண்ணி,
இந்த வருஷமும் நாடகம் கிடையாது.
கரகம், மைக்,
பீடோங்கிலிருந்து வாடகைக்கு நாற்காலி,
அவ்வளவுதான் திருவிழா.
கதையை ஞாபகம் வைத்திருப்பவன்
நான் ஒருத்தன்தான் மிச்சம்.

ஸ்டோர் கிராணி சந்தியாகு
தடிப் புத்தகத்தில் படித்து எழுதியது.
ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்
எங்கேயோ குளிர் நாட்டில்
ராஜா செத்துப்போனான்.
பிள்ளைகள் இரண்டும் சின்னது.
காவலுக்கு வந்த சித்தப்பன்
கோட்டைக்குள் கூட்டிப்போனான்.
கொஞ்ச நாள் சன்னலில் தெரிந்தார்கள்.
அப்புறம் தெரியவில்லை.
"முடிவு?" என்று கேட்டோம்.
"புத்தகத்திலேயே இல்லை" என்றார்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஊரை மாற்றினார், பேரை மாற்றினார்,
குளிரை எடுத்துவிட்டு மழையைப் போட்டார்.
சித்தப்பன் வேஷத்துக்கு
என்னைக் கைகாட்டினார், குரலுக்காக.
இளவரசர்களுக்கு
உங்கள் பிள்ளைகளைச் சொன்னது நான்தான்.
சிகாமணிக்குப் பதினொன்று.
துரைக்கண்ணுக்கு எட்டு முடியவில்லை,
மேல்பல் இரண்டும் இல்லை.

அண்ணன் போய் ஏழு மாசம்.
துண்டாடலில் அவன் வாங்கிய ஓர் ஏக்கர்,
ஆற்றோரம், நூற்றுப்பத்து கித்தா மரம்.
பத்திரத்தில் பிள்ளைகள் பேர்.
கீழே, பாதுகாவலர் என்ற கோட்டின்மேல்
என் கையெழுத்து.
ஊருக்கு அது போதுமாக இருந்தது.

அன்று ராத்திரி
அட்டைக் கிரீடத்தில் சிகரெட் ஈயத்தாள்,
கித்தான் திரையில் கோட்டை.
"பயப்படாதீர்கள் கண்மணிகளே,
பட்டாபிஷேகம் வரைக்கும்தான்" என்று
இரண்டு தோளிலும் கைவைத்து
உள்ளே அனுப்பினேன்.
பெண்கள் பக்கமிருந்து யாரோ
மண்ணை வாரி வீசினார்கள்.
நன்றாக நடித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் காட்சி, ஐந்து, ஆறு.
அரியணையில் உட்கார்ந்தேன், செத்தேன்,
எழுந்து சபையைக் கும்பிட்டேன்.
பெட்ரோமாக்ஸை இறக்கும்போது
நீங்கள் கேட்டீர்கள்:
"பிள்ளைகள் எங்கே?"
சனம் கைதட்டியது.
வசனம் என்று நினைத்துவிட்டார்கள்.

கோப்ரல் யூசோப்
மூன்று நாள் உட்கார வைத்தார்.
கடைசியாக யாரோடு பார்த்தீர்கள்?
முந்நூறு பேரும் என்னைக் காட்டினார்கள்.
ஆற்றில் வலை போட்டார்கள்.
பட்டர்வொர்த் ரயிலில் பார்த்ததாக ஒருத்தன்,
சயாம் எல்லையில், மரலோரியில் என்று இன்னொருத்தன்.
பிற்பாடு ஈப்போவிலிருந்து
ஒரு மீசைக்காரன் வந்து நின்றான்,
"நான்தாம்மா துரைக்கண்ணு."
அவன் இடது காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டு
சோறு போட்டு அனுப்பினீர்கள்.

சிகாமணிக்குப் பன்னிரண்டு ஆன காலையில்
பிறப்புப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு
சுங்கைப்பட்டாணி போனீர்கள்
அடையாள அட்டை எடுக்க.
பையனைக் கூட்டி வாங்க என்றான் குமாஸ்தா.
நாலு வருஷம் கழித்து
சின்னவனுக்காக அதே வரிசை.
அதே குமாஸ்தா
தலையை நிமிர்த்தவில்லையாம்.

புகைவீட்டை இடித்தபோது
படிக்கட்டுக்குக் கீழே எலும்புகள்.
சாக்கில் கட்டி அலோர்ஸ்டார் அனுப்பினார்கள்.
ஆடு என்றார்கள். ஒன்றல்ல, இரண்டு ஆடு என்றார்கள்.
ரிப்போர்ட் வரவே இல்லை.
அந்த வாரம்தான் முதல்முறையாக
என் வீட்டுக்கு வந்து
ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டீர்கள்.
கையில் வைத்திருந்தீர்கள்.
குடிக்கவில்லை.

ஏக்கரில் இப்போது செம்பனை.
விற்க முடியாது;
பிள்ளைகள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்,
இல்லையென்றால்
அவர்கள் செத்ததற்குக் காகிதம் வேண்டும்.
குலை வெட்டிக் காசு எடுத்துக்கொள்கிறேன்,
மறைக்க என்ன இருக்கிறது.

கோப்ரலிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
திரைக்குப் பின்னால், இருட்டில்,
சின்னவன் என் அங்கியைப் பிடித்து இழுத்தான்.
"சித்தப்பா,
அடுத்து நாங்க எப்ப வரணும்?"

நாடகத்தில் அதற்கப்புறம்
அவர்களுக்கு இடமே இல்லை, அண்ணி.
சொல்ல வாய் வரவில்லை.

"இங்கயே இருங்க" என்றேன்,
"கூப்பிடுறேன்."