பெருவிரல்

கொட்டகலையில் விடிந்ததே தெரியாத மூடுபனி.
வார்ப்புப் பட்டறையின் தகரக் கதவைத் தள்ளினால்
வெளியே இருப்பதுதான் உள்ளேயும்,
கந்தக வாசனை மட்டும் கூடுதல்.
முந்தாநாள் ஊற்றிய வால்வு உடம்பு
இரண்டு கட்டைகளின் மேல் கிடக்கிறது.
கன்றுக்குட்டி அளவு. முன்னூற்றுப் பத்துக் கிலோ.
மேலே, தோட்டத்து நீர்மின் நிலையத்தில்
தொண்ணூறு மீட்டர் உயரத்துத் தண்ணீர்
இதன் தொண்டைக்குள் இறங்கவேண்டும்.

வெளியே தட்டிப் பார்த்தாயிற்று, தடவியும் பார்த்தாயிற்று.
பழுதில்லை.

பெட்டியைத் திறக்கிறேன்.
ஆறு மில்லிமீட்டர் தடிப்பில் மூன்று மீட்டர் வயர்,
நுனியில் விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் கண்.
போல்ட் ஓட்டைக்குள் விடுகிறேன்.
கண்ணில் முதலில் படிவது பனிதான்.
இழுத்து, துடைத்து, மறுபடி.

என் தோளுக்குப் பின்னால் ஆட்கள் சேர்கிறார்கள்:
உலையடி மரியசவரி,
அச்சு அடிக்கிற ரத்னசூரிய,
கோர் மணல் பிசைகிற பவுனம்மா, கையில் பிளேன்டீ.
எத்தனையோ வருஷமாய்ச் செய்கிறார்கள்,
செய்ததன் வயிற்றுக்குள் இன்றுதான் பார்க்கிறார்கள்.
"ஸ்கேன் பாக்குற மாதிரியே இருக்கு" என்கிறாள் பவுனம்மா.
"என்னா புள்ள மிஸ், ஆணா பொண்ணா?"
சிரிப்பு அடங்கும்வரை வயரை அசைக்காமல் பிடித்திருக்கிறேன்.

ஒட்டிக்கிடக்கும் கருகிய மணல். சுரண்டினால் போகும்.
சரியாய் உருகாத ஆணித்தலை ஒன்று.
மீன்முள் மாதிரி நீண்ட பிசிறு.
எல்லாம் மன்னிக்கக்கூடியவை.
நுனியை இடப்பக்கம் வளைக்கிறேன்.

வளைவில் ஒரு கோடு.

சிலந்தி இழையாக இருக்கட்டும் என்று நினைத்தேன், உண்மையில்.
விளக்கைக் கூட்டினேன், குறைத்தேன்,
நிழல் விலகவில்லை.
நாற்பத்தொரு மில்லிமீட்டர்.
இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்த இரும்பு
இந்த இடத்தில் சந்தித்திருக்கிறது,
தொட்டிருக்கிறது,
கலக்கவில்லை.
அதற்குள் ஆறிவிட்டது.

"ஊத்தும்போது கரண்ட் போயிருச்சு"
என்கிறார் மரியசவரி, யாரும் கேட்காமலே.
"ஒரு நிமிசந்தான் கப்பி நின்னுச்சு."
மூன்று நிமிஷம் என்று ரத்னசூரிய முணுமுணுப்பது சிங்களத்தில்.
எனக்கும் விளங்குகிறது, மரியசவரிக்கும் விளங்குகிறது.
படிவத்தில் 'நிராகரிப்பு' என்று எழுதினேன்.
ஒவ்வொருவராய்ப் போனார்கள்.

பவுனம்மா மட்டும் போகவில்லை.
"என் கோர்ல ஒண்ணும் இல்லதானே?"
இல்லை என்று சொல்லிக்கொண்டே கண்ணைப் பின்னுக்கு இழுத்தபோது
கோட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளி
இரும்பில் புடைத்து நிற்கிறது
ஒரு பெருவிரல்.
வரிகள் வரிகளாக, குறுக்கே பழைய வெட்டுத் தழும்போடு.
ஈர மணலில் ஒருநாள் அழுந்தியது,
ஆயிரத்து முந்நூறு பாகையில் நிரம்பி, நிலைத்துவிட்டது.
கோப்பையைப் பிடித்திருந்த அவள் விரலைப் பார்த்தேன்.
திரையைப் பார்த்தேன்.
"ஒங்க கைதான்" என்றேன், பரிசு கொடுப்பவள் போல.

அவள் முகம் சுருங்கியது.
"அழிச்சிருங்க மிஸ்.
மை பூசுனப்பறம் கோரத் தொட்டேன்னு
அரைநாள் வெட்டிருவாங்க."

படம் பதினேழு.
நீக்கவா என்று கருவி கேட்டது.
உறுதியா என்று இன்னொரு தரம் கேட்டது.
அழுத்தினேன்.

பின்னேரம், மழைக்கு முன்,
உலைக்குத் திருப்பிப் போட அதை உடைத்தார்கள்.
முதல் சம்மட்டிக்குக் கோயில் மணி போல ஒரு சத்தம்.
நான்காவதில் பிளந்தது,
நான் சொன்ன கோட்டில் அல்ல,
மறுபுறம், நான் நல்லது என்று எழுதிய சுவரில்.
முறிந்த இடத்தில், இரும்பின் சதைக்குள்,
உப்புக்கல் அளவில் ஓட்டைகள், ஒரு கூட்டம்.
பொந்துக்குள் போகிற கண்ணுக்குப்
பொந்து மட்டும்தான் தெரியும்.

மரியசவரி ஒரு துண்டை எடுத்து
என் கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல கனம்.