நீர்மட்டம்

உன்னிச்சைக் குளத்தில் இருபத்தேழு மாரி
அளவுகோல் வாசித்தவர் பூபாலபிள்ளை.
இப்போது அவருடைய வலது கண்ணுக்குள் தேங்கியதை
நான் வாசிக்கிறேன்:
நானூற்றுப் பதினெட்டு மைக்ரோன்.

"அடியில சொல்லு மகள்."
அடியில் சொல்ல வராது ஐயா,
நாலைந்து தலைமயிரை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு.
"அதுக்கே வான் பாயுதா?"

சீனி வருத்தம். மாதம் ஒரு ஊசி.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில், கண் கிளினிக்கின் மூலையில்
போன வருடம் வந்த நிரலொன்று
விழித்திரைப் படத்தைத் தின்று
ஒரு சதவீதத்தைத் துப்பும்.
ஐயாவுக்கு எழுபத்தெட்டு.
அடுத்த கதிரையில் இருந்த ஏறாவூர் ஹயாத்தும்மாவுக்கு
முப்பத்தொன்று.
"என்னகா சொல்லுது உங்கட பெட்டி?"
போட்டுப் பார்ப்பம் உம்மா, என்றேன்.
பொய்யில்லை. முழுக்க உண்மையுமில்லை.

எழுபத்தெட்டைக் கேட்டும் அவர் முகம் மலரவில்லை.
"கொழும்பிலருந்து எங்களுக்கும் தாள் வரும்,
இத்தினை அங்குலம் மழையெண்டு.
அதைச் சட்டைப் பையில வச்சிட்டு
ரெண்டு மணிச் சாமத்தில டோர்ச்சோட
குளக்கட்டில நடப்பன்.
தாள் பிழையெண்டு இல்ல.
தாளுக்கு இந்தக் குளத்தைத் தெரியாது."

நிரல் பார்த்துப் படித்த கண்களெல்லாம்
கடலுக்கு அப்பால் உள்ளவர்களின் கண்கள்.
ஊசித் திகதியில் வெள்ளம் ஏறி
அவர்களில் யாருடைய பஸ்ஸும்
வவுணதீவில் திரும்பிப் போனதில்லை.

நாலாம் ஊசிக்குப் பிறகு
இருநூற்று எண்பத்தாறு.
வற்றிவிட்டது; நடுவில் இருக்கவேண்டிய சின்னப் பள்ளம்கூட
படத்தில் திரும்பி வந்திருந்தது.
நிரலுக்கு ஒரு சரி போட்டேன்.
எழுத்து அட்டையில் மட்டும்
அதே மூன்றாம் வரியில் நின்றார், போன மாதம் போல,
அதற்கு முந்திய மாதம் போல.

"தண்ணி இறங்கிட்டுது மகள்.
வெள்ளாமை அழுகிப் போச்சு."

அந்த வசனத்துக்கு என் படிவத்தில் இடமில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
பேனையை வைத்துக்கொண்டு கொஞ்சம் இருந்தேன்.

ஹயாத்தும்மாவின் கண்ணில் நீர் அப்படியே.
வெளியே போக எழும்பியவ நின்று சொன்னா:
"பட்டனை மாறிப் பூட்டியிருக்கிறீங்க, மிஸ்."
குனிந்து பார்த்தேன். மேலிருந்து இரண்டாவது.

ஐயாவுக்கு அடுத்த திகதி மார்கழி பதினாறு.
துண்டை முகத்தருகே பிடித்து, கொஞ்சம் சரித்து,
பக்கப் பார்வையால் வாசித்தார்.
"அண்டைக்கு வான்கதவு திறப்பாங்கள்.
றோட்டு மூடும். முதல் நாளே வாறன்."
எந்தத் தாளில் பார்த்தீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
பதினாறை வெட்டி
பதினைந்து என்று எழுதினேன்.