யார் இறந்தது?

போன மாதம் மெத்தைச் சீட்டில்
'கொன்சுவெலோ' என்று அச்சடித்துவிட்டேன்.
லீமாவிலிருந்து ஒரே வரி:
யார் இறந்தது?

துக்க வீட்டு ஆறுதலாம் அது.
மெத்தைக்கு 'கோமொதோ' போதுமாம்.
அடுத்தவர் வீட்டில் கூச்சம் விட்டுக்
கால் நீட்ட முடிந்தால்
'அ குஸ்தோ' –
அது நாற்காலிக்கு வராது, ஆளுக்குத்தான்.

திருத்திய சீட்டுகள் வந்துவிட்டன.
பழையவை
கொழிஞ்சாம்பாறைக் கிடங்கின் மூலையில்,
நார்த்தூசுக்கு அடியில்.

தையல் பிரிவு பிரசீதா இன்று வந்தாள்.
குறைமாதம். பெண் பிள்ளை.
பதினோரு நாள் இருந்தது.

"சுகந்தன்னே?"
வாய் தவறி மலையாளத்தில் கேட்டுவிட்டேன்.
தமிழில் "ம்" என்றாள்.

மெத்தையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.
கோணி ஊசியில் நூல் கோத்தாள்,
மூன்றாம் முறையில் நுழைந்தது.
அவள் காலடியில் பழைய சீட்டொன்று,
எழுத்து மேலே பார்த்தபடி.