வெறும் வயிறு

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.
"இல்லம்மா" என்றார் சுலைஹா நாச்சியா.
பித்தப்பையில் கல். காலை ஏழரைக்கு முதல் கேஸ்.
தாளில் டிக் அடித்தேன்.
வளையல் கழற்றி, பச்சை அங்கி மாட்டி,
தியேட்டர் வாசல்வரை உருட்டிப் போன பிறகு
மயக்க டாக்டர் சும்மா பேச்சுக்குக் கேட்டார்,
நாகூர்ப் பக்கம் மழையா என்று.

"சுபுஹுக்கே பிடிச்சுதாம் தம்பி.
நனைஞ்சுகிட்டே வந்தான் மவன்,
பசியாற இடியாப்பம் எடுத்துகிட்டு."

கட்டில் பாதிக் கதவில் நின்றது.

எத்தனை?
நாலு. தேங்காப்பால், சீனி.
மேலுக்கு ஒரு தேத்தண்ணி.
"சாப்பிடலைன்னு சொன்னீங்களே!"
"சாப்பிடலையே" என்றார்
பொய் சொல்லிப் பழகாதவரின் முழுக் குரலில்.
"சோறு மதியத்துக்குத்தானே."

மயக்கத்தில் குமட்டினால்
இடியாப்பம் எந்தக் குழாயில் இறங்கும் என்று
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
டாக்டர் விளக்கினார், எல்லோர் முன்னும்.

நான் கோவில்பட்டிப் பக்கம்.
"கஞ்சி குடிச்சாச்சா?" என்று கேட்டால் எங்கள் ஊரில்
பிரியாணி தின்றவனும் ஆச்சு என்பான்.
நாகப்பட்டினம் வந்த முதல் வாரம்
கேண்டீனில் "என்ன வெஞ்சனம்?" என்றேன்.
நாடியம்மாள் காதில் அது வஞ்சனை என்று விழுந்தது.
பீன்ஸ் பொரியலை ஓங்கி வைத்து,
"தொட்டுக்க என்னன்னு கேட்டா
கொறஞ்சா போயிடுவீங்க?"

கேள்வியை நீட்டினேன்:
சாப்பிட்டீங்களா, பசியாறினீங்களா?
கீழ்வேளூர்க்காரர் இரண்டுக்கும் இல்லை என்றார்.
தூக்குவாளியில் வந்த நீராகாரம்
ஒரு சொம்பு உள்ளே போயிருந்தது.
"அது தண்ணிதானே சிஸ்டர், பேர்லயே நீர் இருக்கு."
பேரில் ஆகாரமும் இருக்கிறதே என்றேன்.
ஆளுக்குப் பாதி சரி. ஆபரேஷன் தள்ளிப்போனது.

பிறகு ஒருநாள் அவசரத்தில்
"குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டேன்.
கும்பகோணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த
பழைய போஸ்ட்மாஸ்டர் முகம் சிவந்தார்.
"அந்தப் பழக்கமே கிடையாது எனக்கு."
காபி?
"காபி சாப்பிட்டேன். அது வேற."

வாய்மேட்டுப் பெண் ஒருத்தி,
வாயில் எதுவுமே படலை என்று சொன்னபோது
பல்லெல்லாம் சிவப்பு.
வெற்றிலையை யாரும் தின்பதில்லையாம்.
போடுகிறார்கள்.

தாளில் இருப்பது ஒரே ஒரு கட்டம்.
அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
தின்ன, குடிக்க, பசியாற, போட,
கொறிக்க, மெல்ல, தொண்டையை நனைக்க.
ஆடிட்டுக்கு வந்தவர் அழித்துவிட்டுப் போனார்.
திரும்ப எழுதினேன், இன்னும் கொஞ்சம் அழுத்தி.

என்னைத் திட்டு வாங்க வைத்த சொல்தான்
என்றாலும் பிடித்துப்போனது.
புண் ஆறும், சூடு ஆறும், ஆத்திரம்
ஆறாமலும் போகும். அதுவரை என் வார்டில்
ஆறுவதெல்லாம் அவ்வளவுதான்.
பசியும் ஒரு காயம் என்று
எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லவில்லை.

சுலைஹா நாச்சியாவுக்கு
மறு வியாழன் தேதி கிடைத்தது.
முந்தின இரவு கட்டில் ஓரம் உட்கார்ந்து
ஓரத்தில் எழுதிய எல்லாவற்றையும் படித்தேன்,
ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கி:
பன்னிரண்டு மணிக்கு மேல்
இது கூடாது, இது கூடாது, இதுவும் கூடாது.

கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தார்.
"நோன்புன்னு ஒத்தச் சொல்லு
சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே.
நாப்பது வருஷமா வைக்கிறேன்,
சொட்டுத் தண்ணி எறங்காது."

எனக்கும் நிம்மதி.
ஒரு சொல். எவ்வளவு சுலபம்.
விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்தேன்.

"ஏம்மா" என்று கூப்பிட்டார் இருட்டில்,
"சஹருக்கு மூணரைக்கு
எழுப்பிவிடுவியா?"

பென்சிலைத் தேடினேன்.